ஓ.எம். கிட்டார் பாடிக்கு வெனீஷியன் கட்டவே: சைடு கனம், வளைவு ஆரம், நெக் பிளாக்

நூலேணி:
வணக்கம். ஓ.எம். (ஆர்கெஸ்ட்ரா மாடல்) அளவில் கட்டவே (மேல் ஃப்ரெட்டுகளைக் கை எட்ட, கழுத்தை ஒட்டிப் பாடியின் தோளில் வைக்கும் குழிவு) வைத்த கிட்டார் பாடி ஒன்றுக்கு வரைபடம் முடிந்தது. மோல்டு வெட்டும் முன் தெரிந்தவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது.

பாடி நீளம் 492 மி.மீ., அப்பர் பவுட் (இடுப்புக்கு மேலுள்ள அகன்ற பகுதி) அகலம் 286, லோயர் பவுட் (இடுப்புக்குக் கீழுள்ளது) 381. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 645. 14-ஆவது ஃப்ரெட்டில் பாடி சேர்கிறது, மொத்தம் 20 ஃப்ரெட். ஆழம் டெயில் பக்கம் 105, கழுத்துப் பக்கம் 84. டாப் சிட்கா ஸ்ப்ரூஸ், பேக்கும் சைடும் ஈட்டி மரம் (ரோஸ்வுட்). சைடு பலகை 830 × 125, இப்போதைய கனம் 2.4. டாப்பின் குவிவு 28 அடி ஆரம், பேக்கின் குவிவு 15 அடி ஆரம்.

கட்டவே வெனீஷியன், அதாவது வட்டக் கொம்பு மாதிரி. குழிவின் ஆரம் 28, கொம்பின் ஆரம் 22. குழிவு 19-ஆவது ஃப்ரெட் வரை இறங்குகிறது. வளைப்பதற்கு ஹாட் பைப் (சூடாக்கிய உலோகக் குழாய்) மட்டும்தான் இருக்கிறது, பிளாங்கெட் (மின்சூட்டு விரிப்பு) இல்லை. இந்த 2.4 கனத்தில் வளையுமா? இரண்டு சைடையும் ஒரே உயரத்தில் வெட்டலாமா?

ஈட்டிநார்:
வளையாது நண்பரே. முதல்ல கணக்கப் பாருங்க. பலகையை வளைக்கும்போது வெளிமுகம் எவ்வளவு இழுபடும்னு தெரிய, கனத்தை ஆரத்தின் இரண்டு மடங்கால வகுத்தாப் போதும். 2.4 மி.மீ. பலகை, 22 மி.மீ. ஆரம்: 5.5 விழுக்காடு. நல்லாச் சூடான ஈர மரம்கூட இழுவிசையில 1, மிஞ்சிப்போனா 2 விழுக்காடுதான் நீளும். அதுக்கு மேல நார் அறுந்துடும். ஆனா அமுங்குறதுல மரம் அதைவிடப் பல மடங்கு தாங்கும். வளைக்கிற வித்தையே இதுலதான் இருக்கு: வெளிமுகத்தை நீளவிடாம ஒரு எஃகுத் தகடால இறுக்கிப் பிடிச்சு, உள்முகத்தை அமுங்க வைக்கணும்.

உங்க வரைபடத்துல இரண்டு ஆரத்தையும் மாத்துங்க. குழிவு 35, கொம்பு 30. சைடு கட்டவே பகுதியில 1.9. இப்போ கணக்கு குழிவுல 2.7, கொம்புல 3.2 விழுக்காடு. தகடு வச்சா ஈட்டி இதைத் தாங்கும். மத்த இடம் முழுக்க 2.1 இருக்கட்டும். 2.1-லிருந்து 1.9-க்கு ஒரே படியா இறங்காதீங்க, 100 மி.மீ. தூரத்துல மெல்ல இறக்குங்க. படி இருக்கிற இடத்துல வளைவு முறிஞ்சு முனை தெரியும். 50 மி.மீ.க்கு ஒரு தடவை காலிப்பர் வச்சுப் பாருங்க, 0.1-க்கு மேல வித்தியாசம் கூடாது. மெலிஞ்ச இடம் எங்க இருக்கோ மரம் அங்கதான் மடங்கும்.

கணக்குத்தச்சன்:
குழிவின் ஆழத்தையும் மாற்ற வேண்டும். 645 ஸ்கேலில் 14-ஆவது ஃப்ரெட்டிலிருந்து 19-ஆவது வரை 72 மி.மீ., 18-ஆவது வரை 59 மி.மீ. இந்த 13 மி.மீ. உள்ளே பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

ஓ.எம்.மில் சவுண்ட்ஹோல் மையம் பாடி முனையிலிருந்து சுமார் 147 மி.மீ.யில் இருக்கும். ஓட்டை விட்டம் 100 என்றால் அதன் விளிம்பு 97-இல் தொடங்குகிறது. குழிவு 72 வரை இறங்கினால், சைடும் லைனிங்கும் (டாப், பேக் ஒட்ட சைடின் உள்விளிம்பில் வைக்கும் பட்டை) சேர்ந்து 82 வரை பிடித்துக்கொள்ளும். மிச்சம் 15 மி.மீ. அதற்குள் 12 மி.மீ. அகல குறுக்கு பிரேஸ் (டாப்பின் அடியில் ஒட்டும் தாங்கு கட்டை) வசதியாக உட்கார இடமில்லை. உட்கார்ந்தாலும் ரொசெட்டின் (ஓட்டையைச் சுற்றிய அலங்கார வளையம்) நேர் கீழே விளிம்போடு விளிம்பாக நிற்கும். 59-இல் நிறுத்தினால் லைனிங் 69-இல் முடியும், பிரேஸுக்கு 28 மி.மீ. கிடைக்கும். ஃபிங்கர்போர்டின் நாக்கைத் தாங்குவது அந்த குறுக்கு பிரேஸ்தான். அதை ட்ரெபிள் பக்கம் (மெல்லிய கம்பிகளின் பக்கம், கட்டவே இருப்பது இங்கேதான்) பாதியில் வெட்டி அந்தரத்தில் விட்டால், சில வருடங்களில் டாப் அங்கே கீழே இறங்கி ஃப்ரெட்போர்டு மடிந்துவிடும். கை 18-ஆவது ஃப்ரெட் தாண்டியும் எட்டும், வாசிப்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை.

ஈட்டிநார் சொன்ன ஆரங்களோடு வரைந்து பார்த்தேன். கழுத்துப் பக்கச் சுவர் மையக்கோட்டிலிருந்து 29.5-இல் நேராக 24 மி.மீ. இறங்கி, 35 ஆரத்தில் திரும்பி, 64-இல் அடிப்புள்ளியைத் தொட்டு, பிறகு 30 ஆரக் கொம்பாக ஏறுகிறது. கொம்பின் முனை பாடி முனைக்கு 37 மி.மீ. கீழே நிற்கும். கண்ணுக்கும் நன்றாக இருக்கிறது.

நூலேணி:
மிக்க நன்றி. ஆரத்தையும் ஆழத்தையும் மாற்றிவிடுகிறேன். நெக் பிளாக்கை (கழுத்து வந்து சேரும் உள்கட்டை) வழக்கமான 75 மி.மீ. அகலத்தில் வைக்கலாமா?

கணக்குத்தச்சன்:
பேஸ் பக்கம் வைக்கலாம், ட்ரெபிள் பக்கம் முடியாது. அங்கே சைடு பிளாக்கின் முன்முகத்தில் ஒட்டாது, பக்கவாட்டில் ஒட்டும். 14-ஆவது ஃப்ரெட்டில் ஃபிங்கர்போர்டு அகலம் 56 என்றால் பாதி 28. அதற்கு வெளியே ஒன்றரை மி.மீ. விட்டு சைடின் வெளிமுகம் 29.5. சைடு 1.9-ஐக் கழித்தால் பிளாக்கின் விளிம்பு 27.6. டெனான் (கழுத்தின் அடிநாக்கு) 19 மி.மீ. என்றால் அதில் பாதி 9.5. ஆக மார்டைஸின் (டெனான் நுழையும் குழி) ட்ரெபிள் சுவருக்கு 18 மி.மீ. மரம் மிஞ்சும். எம்6 போல்ட் இரண்டுக்கு இது போதும். மஹாகனி ஒரே கட்டையாக இருந்தால் டெனானை இறுக்கும்போது நார் வழியே பிளக்கும் அபாயம் இந்தப் பக்கம் அதிகம். பிர்ச் பிளைவுட்டை அடுக்கி 50 மி.மீ. கனத்தில் செய்துகொள்ளுங்கள். குழிவு திரும்பத் தொடங்கும் மூலையை அரத்தால் 35-க்கு ஏற்றபடி வளைத்துவிடுங்கள், சைடு பிளாக்கின் கூர்முனையில் தொங்கக்கூடாது.

உளிமுனை:
சைடு உயரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டு சைடுக்கும் ஒரே டெம்ப்ளேட் போட்டால் கட்டவே பக்கம் குட்டையாகிவிடும்.

பேக் ஒரு கோளத்தின் துண்டு. மையக்கோட்டுக்குப் பக்கத்தில் உயரம், விளிம்பில் தாழ்வு. பேஸ் பக்கம் சைடு மையத்திலிருந்து 143 மி.மீ.யில் நிற்கிறது. அதே இடத்தில் ட்ரெபிள் சைடு குழிவின் அடியில் 64-இல் நிற்கிறது. 15 அடி என்பது 4572 மி.மீ. இரண்டு தூரங்களின் வர்க்க வித்தியாசத்தை 9144-ஆல் வகுத்தால் 1.8 மி.மீ. வருகிறது. குழிவில் சைடு அந்த அளவு உயரமாக இருக்க வேண்டும். டாப் பக்கம் 28 அடி ஆரத்துக்கு இன்னும் 1 மி.மீ. சேரும், அப்பர் பவுட்டைத் தட்டையாக்கினால் அது குறையும்.

அதனால் கட்டவே சைடை டெம்ப்ளேட்டில் வெட்டாதீர்கள். முழு உயரத்தோடு வளைத்து, மோல்டில் பொருத்தி, பிளாக்குகள் ஒட்டியபின் தேவையான கோட்டுக்கு 3–4 மி.மீ. மேலே வெட்டி, மிச்சத்தை ரேடியஸ் டிஷ்ஷில் (அதே ஆரத்துக்குக் குழித்த தட்டு) 80 கிரிட் உப்புத்தாள் போட்டு இறக்குங்கள். பென்சிலால் விளிம்பு முழுக்கக் கோடு போட்டுக்கொண்டால் டிஷ் எங்கே தொடவில்லை என்று தெரியும். குழிவுச் சுவர் மெலிந்தது, டிஷ்ஷைத் திருப்பும்போது அதிரும். உள்ளே கார்க் ஒட்டிய தாங்கு கட்டை வைத்து மோல்டோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு தேயுங்கள்.

மோல்டைப் பற்றியும் ஒன்று. 18 மி.மீ. எம்.டி.எஃப். நான்கு அடுக்கு போதும். ஆனால் குழிவுக்குள் நுழையும் பகுதியைத் தனித் துண்டாகச் செய்து டவல் ஊசியும் (இடம் பிடிக்கும் குச்சி) போல்ட்டும் வைத்துக் கழற்றி மாட்டும்படி வையுங்கள். ஒரே துண்டாக இருந்தால் வளைத்த சைடை உள்ளே இறக்கும்போதே கொம்பு விரிசல் விடும்.

வெப்பக்குழாய்:
இப்ப வளைப்புக்கு வருவோம். பைப் 150–165 டிகிரி செல்சியஸ். தண்ணீர்த் துளி விட்டா சீறிட்டு உடனே மறையணும். துளி உருண்டு ஓடுச்சுன்னா சூடு அதிகம், மரம் கருகும். ஈட்டிய ஊறப்போடாதீங்க. ரொம்ப ஈரமானா பலகை குறுக்கே குவிஞ்சு தோணி மாதிரி ஆயிடும், அதோட நிறமும் கசிஞ்சு ஸ்ப்ரூஸ்ல ஏறும். இரண்டு பக்கமும் தெளிச்சுவிட்டா போதும், காய்ஞ்சா மறுபடி தெளிங்க.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. கொம்பு வளைக்கும்போது பைப் தொடுறது சைடோட உள்முகம், கருகினாலும் பெட்டிக்குள்ள போயிடும். குழிவுல வளைவு திரும்புது, பைப் தொடுறது வெளிமுகம், பார்க்கிற முகம். அங்க கருகல் விழுந்தா சுரண்டி எடுக்க 1.9-ல மரம் இல்ல. அதனால குழிவுக்கு பைப் மேல ஈரமான பிரவுன் பேப்பர் ஒரு சுற்று சுத்திக்குங்க. தகடும் பக்கம் மாறும்: கொம்புல வெளிப்பக்கம், குழிவுல உள்பக்கம். தகடு 0.25 மி.மீ. ஸ்டெயின்லெஸ் இருக்கட்டும். சாதா இரும்பு ஈரத்தோட சேர்ந்து மரத்துல கருநீலக் கறை போடும்.

வரிசை: குழிவு, கொம்பு, அப்புறம் இடுப்பு, கடைசியா லோயர் பவுட்.

ஈட்டிநார்:
வரிசையில எனக்கு ஒப்புதல் இல்ல. இடுப்பு முதல்ல வளைச்சாத்தான் அது ஒரு நிலையான குறி. அங்கிருந்து அளந்து கொம்பு எங்க வரணும்னு சரியாப் போடலாம். கட்டவேலேர்ந்து தொடங்கினா 5 மி.மீ. தள்ளிப்போச்சுன்னா இடுப்பே இடம் மாறும்.

வெப்பக்குழாய்:
பிளாங்கெட் பெண்டர்ல நீங்க சொல்றது சரி, மிஷினே இடுப்புலதான் பிடிக்குது. பைப்ல இடுப்பு, லோயர் பவுட் எல்லாம் பெரிய ஆரம், 5 மி.மீ. முன்னே பின்னே தள்ளித் திரும்ப வளைச்சுக்கலாம். கொம்பை அப்படி நகர்த்த முடியாது. ஒரு தடவை அமுங்கின நாரைத் திரும்ப நிமித்தி வேற இடத்துல வளைச்சா நிச்சயம் பிளக்கும். அதனால நகராததை முதல்ல போடுறேன், நகர்றதைப் பின்னாடி. உடைஞ்சா மத்த வேலை வீணாகாதுங்கிறது கூடுதல் லாபம். உங்க கவலைக்கு வழி: மோல்டு உள்சுவர்ல ஒரு நூலை ஓட்டி நீளம் எடுங்க, பலகையில கொம்பு உச்சி, குழிவு அடி, இடுப்பு மூணுக்கும் சாக்பீஸ் கோடு போடுங்க, கழுத்து முனையில 40, டெயில் முனையில 40 மிச்சம் விடுங்க.

ஈட்டிநார்:
நூலால அளந்து, மிச்சமும் விட்டா ஒத்துக்கிறேன். பைப்புக்கு அந்த வரிசையே இருக்கட்டும்.

உளிமுனை:
பலகையைத் தேர்ந்தெடுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சைடில் நார் நேராக ஓடும் பலகை எதுவோ அதையே கட்டவேக்கு வையுங்கள். விளிம்பைப் பார்த்தால் நார் பலகையின் முகத்தைவிட்டு சாய்ந்து வெளியேறுகிறதா என்று தெரியும். அந்தச் சாய்வு கொம்பில் விழுந்தால் வெளிமுகத்தில் செதில் கிளம்பும். பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலே பல நேரம் சாய்வு கொம்பைவிட்டு விலகும். மரம் மாறினால் கணக்கும் மாறும். மஹாகனி, சாபேலி உள்முகத்தில் சுருங்கி மடிப்பு விடும். அலைரேகை மேப்பிள் அலையின் குறுக்கே படக்கென்று உடையும், அதற்கு 1.7-க்கு இறங்க வேண்டும். வால்நட், ஈட்டி இரண்டும் சொன்னபடி கேட்கும்.

நூலேணி:
கொம்பில் சிறு செதில் கிளம்பினால் சைடையே மாற்ற வேண்டுமா?

ஈட்டிநார்:
செதில் நார் வழியே மேலாகக் கிளம்பியிருந்தா, பைப்லேர்ந்து எடுத்து, மோல்டுல இறுக்கி முழுசாக் காயவிடுங்க. மறுநாள் மெல்லிய சயனோ பசையை (சூப்பர் க்ளூ) விட்டு மெழுகுத் தாளோட அழுத்திப் பிடிங்க, ஈட்டியில அடையாளமே தெரியாது. ஈரத்தோட பசை விட்டா வெள்ளையாப் பூக்கும். உள்முகத்துல மடிப்பு விழுந்திருந்தா அதை விட்டுடுங்க, லைனிங் படுற இடத்துல மட்டும் தட்டையாக்குங்க. நாருக்குக் குறுக்கே பாதிக் கனத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தா அந்தச் சைடு வேண்டாம். உள்ள வெனீர் ஒட்டிக் காப்பாத்தலாம்னு சொல்வாங்க. ஆனா டிஷ்ல தேய்க்கும்போதும் பைண்டிங் (விளிம்பைச் சுற்றி ஒட்டுற பட்டை) ரூட்டிங்லயும் அதே இடம்தான் அதிகம் அதிரும்.

கொம்பன்:
முதல் கட்டவேக்கு ஃப்ளோரன்டைன் (கூர்முனைக் கொம்பு) எடுத்துக்கொள்ளலாமே? கூர்முனையில் சைடு இரண்டு துண்டு. பெரிய துண்டு அப்பர் பவுட் வளைவோடு முடிந்துவிடும். கட்டவே துண்டு தனியாக 200 மி.மீ., சைடின் மிச்சத்திலிருந்தே கிடைக்கும், ஆரமும் 60-க்கு மேல் வைக்கலாம். 1.9 கனத்துக்கு 1.6 விழுக்காடுதான், தகடே தேவையில்லை. கிப்சன் 1939-இல் எல்-5-க்கு வட்டக் கட்டவே போட்டார்கள், 1949-இல் வந்த இ.எஸ்.-175-இல் கூர்முனை. இரண்டுமே காலத்தைத் தாங்கிய வடிவங்கள்தான்.

உளிமுனை:
வளைப்பு சுலபம், மறுக்கவில்லை. சிரமம் முனைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அங்கே முக்கோணக் கட்டை ஒன்று பொருத்தி, இரண்டு சைடும் ஒளி புகாமல் சேர வேண்டும். வெளியே சேர்ப்பை மூட ஒரு செங்குத்துப் பட்டை. அது டாப் பைண்டிங்கையும் பேக் பைண்டிங்கையும் சந்திக்கும் இரண்டு இடத்திலும் மூன்று துண்டு ஒரு புள்ளியில் மைட்டர் (சாய்வெட்டுச் சேர்ப்பு) ஆக வேண்டும். பர்ஃப்ளிங் கோடும் (பைண்டிங்கை ஒட்டிய அலங்காரக் கோடு) அதே புள்ளியில் திரும்ப வேண்டும். உளிவேலை நன்றாக வருபவருக்கு ஃப்ளோரன்டைன், பைப் கைவந்தவருக்கு வெனீஷியன்.

நூலேணி:
வெனீஷியனிலேயே இருக்கிறேன். கெர்ஃப் லைனிங் (வளைவதற்காகப் பல்பல்லாக வெட்டிய லைனிங்) குழிவில் எப்படி ஒட்டுவது? கையால் வளைத்துப் பார்த்தால் பற்கள் விரிந்து அடிநூல் தெறிக்கிறது.

வெப்பக்குழாய்:
குழிவுக்கு மட்டும் லைனிங்கைத் திருப்பிப் போடுங்க. இடுப்பு தவிர மத்த இடத்துல எல்லாம் சைடோட உள்முகம் குழிஞ்சிருக்கும், வெட்டுவாய் பெட்டிக்குள்ள பார்த்தா வளைக்கும்போது அது மூடிக்கும். குழிவுல சைடு உள்ளே புடைச்சு நிக்குது, வெட்டுவாய் திறக்கும், அதான் தெறிக்குது. வெட்டுவாய் சைடைப் பார்க்கிற மாதிரி வச்சா மூடிக்கும். வளைவு மாறுற புள்ளியில, குழிவுக்கும் கொம்புக்கும் நடுவுல, இரண்டு துண்டையும் முட்டவையுங்க. சுடுதண்ணி தொட்டு பைப்ல ஒரு தடவை காட்டி, வளைஞ்ச பிறகுதான் பசை. டைட்பாண்ட் மரப்பசை போதும். பல்லுக்கு ஒரு துணிக்கிளிப், அதுமேல ரப்பர் பேண்ட்.

லைனிங் காய்ஞ்சதும் குழிவின் இரண்டு ஓரத்துலயும், கொம்பு உச்சியிலயும் நாருக்குக் குறுக்கே 1.5 கனம், 10 அகல ஸ்ப்ரூஸ் பட்டை லைனிங்குக்கு லைனிங் ஒட்டுங்க. வளைச்ச மரத்துல விரிசல் வந்தா நார் வழியே ஓடும், அந்தப் பட்டை நிறுத்திடும்.

கணக்குத்தச்சன்:
டாப்பையும் பேக்கையும் மூடும் நாளில் அறையின் ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஏ.சி.யோ டீஹ்யூமிடிஃபையரோ ஓடும் அறையில் பலகைகளை முன்கூட்டியே வைத்துப் பழக்குங்கள். ஈரத்தில் ஒட்டிய டாப் வறண்ட ஊருக்குப் போனதும் சுருங்கும், கட்டவே பக்கம் விளிம்புகள் நெருக்கமாக இருப்பதால் விரிசல் குழிவிலிருந்து சவுண்ட்ஹோல் நோக்கிக் கிளம்பும்.

காற்றளவு குறைவதைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தக் கட்டவே எடுக்கும் இடம் அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். பெட்டியின் காற்று அதிர்வெண் கொள்ளளவின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகத்தான் மாறும் என்பதால் ஏற்றம் இரண்டு ஹெர்ட்ஸுக்குள்தான். பிளாக்கும் குறுக்கு பிரேஸும் இருக்கும் அந்த மேல்மூலை ஏற்கெனவே விறைப்பானது என்பதால் டாப்பின் அதிர்வும் பெரிதாகக் குறையாது.

நூலேணி:
பைண்டிங் மரத்தில் வைக்க ஆசை. ரூட்டரை குழிவில் எந்தத் திசையில் ஓட்டுவது?

உளிமுனை:
முதலில் கத்தியால் ஸ்ப்ரூஸில் கோடு கீறிக்கொள்ளுங்கள். அப்பர் பவுட்டின் அகலமான இடத்திலிருந்து கொம்பு முனை நோக்கி ஒரு ஓட்டம். குழிவின் அடியிலிருந்து கொம்பு முனை நோக்கி ஒன்று, அடியிலிருந்து கழுத்து நோக்கி ஒன்று. எங்கும் அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்குப் போக வேண்டும். இதில் சில ஓட்டங்கள் பிட்டின் சுழற்சியோடு சேர்ந்து போகும், அங்கே ரூட்டர் தானே முன்னால் பாயப் பார்க்கும். இறுக்கிப் பிடித்து, ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். திசை மாறிப் போனால் கொம்பு முனையில் ஸ்ப்ரூஸ் கட்டியாகப் பெயர்ந்துவிடும்.

பேக் பக்கம் குழிவில் பரப்பு சாய்ந்திருக்கிறது. அகலமான அடித்தட்டோடு ரூட்டரை அதன்மேல் வைத்தால் பிட்டும் சாய்ந்து வாய்க்கால் கோணலாகும். ரூட்டர் செங்குத்தாக மட்டும் ஏறி இறங்கும் ஜிக் வேண்டும், அதன் வளையம் விளிம்பிலிருந்து 6 மி.மீ.க்கு மேல் உள்ளே போகக்கூடாது. பேரிங் விட்டம் 20-க்குள் இருந்தால் 35 ஆரத்தில் நன்றாகப் படியும். கழுத்தை ஒட்டிய கடைசி 10 மி.மீ. உளியால்தான்.

பைண்டிங் 1.5 × 6 எடுங்கள். 2 மி.மீ. பட்டையை 30 ஆரத்தில் வளைக்கலாம், ஆனால் ஒட்டும்போது குழிவில் விலகி நிற்கும். சைடு வளைத்த அதே பைப்பில், அதே தகட்டோடு கட்டவே பக்கப் பட்டைகளை டேப் சுற்றி ஒரே கட்டாக வளையுங்கள். பசை போடாமல் ஒருமுறை முழுக்கப் பொருத்திப் பாருங்கள். குழிவில் விரல் அழுத்தத்துக்குப் படியாவிட்டால் திரும்ப பைப்புக்குப் போக வேண்டும், டேப் இழுத்துப் படியவைக்கக் கூடாது. டேப் குழிவில் உள்நோக்கி இழுக்காது, பாலம்போல் தாண்டிப் போகும். அதனால் ஒட்டும்போது அங்கே 35 ஆரத்துக்கு வெட்டிய ஒரு கட்டையை வைத்து கிளாம்ப் போடுங்கள், கட்டைக்கும் பைண்டிங்குக்கும் நடுவே மெழுகுத் தாள்.

நூலேணி:
மோல்டில் தனித் துண்டாக வெட்டும் அந்தக் குழிவுக் கட்டையையே கிளாம்ப் கட்டையாகப் பயன்படுத்தலாமா?

உளிமுனை:
தாராளமாக. பைண்டிங் வாய்க்காலுக்குள் உட்கார்வதால் வெளிமுகம் சைடோடு சமமாக நிற்கும், ஆரம் மாறாது. 1 மி.மீ. கார்க் ஒட்டிக்கொள்ளுங்கள், பைண்டிங் கொஞ்சம் துருத்தி நின்றாலும் அழுத்தம் சீராகப் போகும்.